தேரைப் பார்த்தாயிற்று, பீடத்தையும் பாருங்கள்: கத்தோலிக்கம் பற்றிப் புதியவருக்கு

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் வளர்ந்தவருக்கு மாதா கோவில் திருவிழா அப்படியொன்றும் புதிதாக இருக்காது. கொடியேற்றம் உண்டு. ஒன்பது நாள் நவநாள் உண்டு. பூவும் சீரியல் லைட்டுமாகச் சப்பரம் தெருவில் வரும். முன்னால் பேண்டு வாத்தியம், பின்னால் மெழுகுவத்தி பிடித்த கூட்டம். நேர்ச்சை, மொட்டை, அன்னதானம் எல்லாம் உண்டு. பார்த்துவிட்டு, "நம்ம கோவில் மாதிரியேதான், சாமி பேருதான் வேற" என்பார்கள். பிரியமாகச் சொல்வதுதான், அதில் கோபப்பட ஒன்றுமில்லை. ஆனால் அந்த இடத்திலேயே நின்றுவிட்டால் அப்புறம் பார்ப்பதெல்லாம் குழப்பும். மாதா சாமியா இல்லையா, சாமியார் கொடுக்கும் அந்த வெள்ளை வில்லையை நாமும் வாங்கலாமா, பெரிய வெள்ளியன்று (புனித வெள்ளி) ஏன் கோவில் மணி அடிப்பதில்லை என்று கேள்விகள் வரிசையாக வரும்.

தெருவில் தெரியும் சப்பரமும் கொடியும் இந்த மண்ணின் பழக்கம். போலந்துக்காரரின் திருவிழா வேறு மாதிரி, பிரேசில்காரரின் திருவிழா இன்னொரு மாதிரி. கோவிலுக்குள் பீடத்தில் நடக்கும் திருப்பலி என்ற பூசைதான் எல்லாருக்கும் பொது. (கேரளத்துச் சீரோ மலபார்காரர்களின் வழிபாட்டு முறை வேறு, ஆனாலும் அவர்களும் அதே திருச்சபைதான், அவர்களுக்கும் பலிதான் நடுநாயகம்.) சப்பரம் இல்லாத கத்தோலிக்கர் கோடிக்கணக்கில் இருக்கிறார்கள். திருப்பலி இல்லாத கத்தோலிக்கம் கிடையாது. அதனால் தெருவை விட்டுவிட்டு உள்ளேயிருந்து ஆரம்பிக்கலாம்.

உள்ளே நுழைந்ததும்

வாசலை ஒட்டி ஒரு சின்னத் தொட்டியில் தீர்த்தம் இருக்கும். வருகிறவர்கள் விரல் நுனியை நனைத்து நெற்றி, நெஞ்சு, இடது தோள், வலது தோள் என்று தொட்டுச் சிலுவை போடுவார்கள். கூடவே "தந்தை, மகன், தூய ஆவியாரின் பெயராலே, ஆமென்" என்று ஒரு முணுமுணுப்பு. வயதானவர்கள் வாயில் இன்னும் பிதா, சுதன், பரிசுத்த ஆவிதான். தண்ணீர் அவர்கள் வாங்கிய திருமுழுக்கின் (ஞானஸ்நானம்) நினைவு. சொல்லும் வரியில் இருப்பது அடிப்படை நம்பிக்கை: கடவுள் ஒருவரே, அந்த ஒரே கடவுள் தந்தை, மகன், தூய ஆவி என மூன்று ஆட்களாக இருக்கிறார். மூன்று கடவுள்கள் அல்ல. ஒரே ஆள் போடும் மூன்று வேடங்களும் அல்ல. இதை உவமை சொல்லி விளக்கப் போனவர்கள் எல்லாரும் எங்காவது தடுக்கித்தான் விழுந்திருக்கிறார்கள். திருச்சபையே இதை மறைபொருள் என்றுதான் சொல்கிறது. நான் முயலப் போவதில்லை.

நேரே முன்னால் பாருங்கள். சுரூபங்கள் (சிலைகள்) நிறைய இருக்கும்: மாதா (இயேசுவின் தாய் மரியா), சூசையப்பர், அந்தோணியார், செபஸ்தியார். புதிதாக வருகிறவரின் கண் அங்கேதான் போகும். ஆனால் உள்ளே வரும் கத்தோலிக்கர் முதலில் முழங்காலிடுவது சுரூபத்துக்கு அல்ல. பீடத்தின் பின்னாலோ பக்கத்திலோ பூட்டிய ஒரு சின்னப் பெட்டி இருக்கும், பெரும்பாலும் தங்க நிறத்தில். அதுதான் நற்கருணைப் பேழை. அதன் அருகே ஒரு சிவப்பு விளக்கு இரவு பகலாக எரியும். விளக்கு எரிந்தால் பேழைக்குள் நற்கருணை, அதாவது பூசையில் கொடுக்கும் அந்த வெள்ளை வில்லை, இருக்கிறது என்று பொருள். கோவிலில் ஆளே இல்லாத மத்தியான நேரத்தில் ஒரு பாட்டி மட்டும் அந்தப் பேழையைப் பார்த்து உட்கார்ந்திருப்பதைப் பார்க்கலாம். அவர் யாருக்காகவும் காத்திருக்கவில்லை, வந்த வேலையே அதுதான்.

திருப்பலி

ஞாயிறு பூசை ஒரு மணி நேரம் ஓடும். கத்தோலிக்கருக்கு ஞாயிற்றுக்கிழமை பூசை காண்பது கடமை. சனிக்கிழமை சாயங்காலப் பூசையும் அந்தக் கணக்கில் சேரும். நீங்கள் விருந்தாளியாகப் போனால் பின்வரிசையில் உட்காருங்கள், மற்றவர்கள் எழுந்தால் எழுந்து, உட்கார்ந்தால் உட்காருங்கள். முழங்காலிட வேண்டாம் என்று தோன்றினால் அமைதியாக இருந்தால் போதும், யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். கிராமக் கோவில்களில் செருப்பை வெளியே விட வேண்டும். பெண்கள் பலர் முக்காடு போட்டிருப்பார்கள். ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம் உட்காரும் பழக்கம் சில ஊர்களில் இன்னும் இருக்கிறது.

பூசையின் முதல் பாதி விவிலியம். ஞாயிற்றுக்கிழமைகளில் முதல் வாசகம், பதிலுரைப் பாடல், இரண்டாம் வாசகம், அப்புறம் எல்லாரும் எழுந்து நிற்க நற்செய்தி. எந்த ஞாயிற்றுக்கு எந்த வாசகம் என்பது சாமியாரின் விருப்பம் அல்ல. மூன்று ஆண்டுச் சுழற்சியாக உலகம் முழுவதற்கும் அட்டவணை உண்டு. செக்காலைச் சகாய மாதா கோவிலில் இன்று வாசிக்கும் பகுதியைத்தான் ரோமாபுரியிலும் வாசிப்பார்கள். அப்புறம் மறையுரை, அதாவது பிரசங்கம். அது நன்றாக இருப்பதும் நீளமாக இருப்பதும் அவரவர் அதிர்ஷ்டம்.

இரண்டாவது பாதியில்தான் விஷயம் இருக்கிறது. காணிக்கை எடுத்த பிறகு பீடத்தில் இரண்டு பொருள்கள் வைக்கப்படும்: புளிக்காத கோதுமை மாவில் செய்த, காகிதம் போல மெல்லிய அப்பம், கிண்ணத்தில் கொஞ்சம் திராட்சை இரசம், அதில் ஒரு சொட்டுத் தண்ணீர். கூட்டம் முழங்காலிடும். குரு அப்பத்தைக் கையில் எடுத்து, இயேசு தாம் இறப்பதற்கு முந்திய இரவு சீடர்களோடு உண்ட கடைசி உணவில் சொன்னதைச் சொல்வார்: "இது உங்களுக்காகக் கையளிக்கப்படும் என் உடல்." பிறகு அதை இரண்டு கையாலும் தலைக்கு மேல் உயர்த்துவார். இதற்கு எழுந்தேற்றம் என்று பெயர். பீடப்பையன் மணி அடிப்பான். அதுவரை குழந்தையை அதட்டிக்கொண்டிருந்த அம்மா நிமிர்ந்து பார்ப்பார். கைகள் தானாகக் குவியும். பிறகு கிண்ணம் உயரும், மறுபடி மணி. அடுத்துச் சொல்லும் வரி, "இதை என் நினைவாகச் செய்யுங்கள்." இந்த ஒரு வரியை வைத்துத்தான் இத்தனை நூற்றாண்டாக இது நடக்கிறது.

அந்த நிமிடத்தில் அப்பம் இயேசுவின் உடலாகவும் இரசம் அவருடைய இரத்தமாகவும் மாறிவிட்டது என்பது கத்தோலிக்க நம்பிக்கை. அடையாளம், நினைவுச் சின்னம் என்ற அளவில் அல்ல, உண்மையாகவே. அதே நேரம் பார்வைக்கும் நாக்குக்கும் அது அப்பம்தான். ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுபோனாலும் கோதுமை என்றுதான் சொல்லுவார்கள். தோற்றம் அப்படியே இருக்கிறது, அது எதுவாக இருக்கிறதோ அது மாறிவிடுகிறது என்பதே போதனை. இதை நம்புவது சுலபம் என்று யாரும் சொன்னதில்லை. ஆனால் இதை விட்டுவிட்டால் முழங்காலிடுவது, பேழை, அணையாத விளக்கு எதற்குமே காரணம் இருக்காது.

பிறகு வரிசை. கத்தோலிக்கர் எழுந்து போய் நன்மை வாங்குவார்கள், அந்த அப்பத்தை வாங்குவதற்கு அதுதான் பெயர். குரு அப்பத்தைக் காட்டி "கிறிஸ்துவின் உடல்" என்பார், வாங்குபவர் "ஆமென்" என்று சொல்லி நாக்கிலோ கையிலோ வாங்கிக்கொள்வார். அதற்கு ஒரு மணி நேரம் முன்பிருந்தே எதுவும் சாப்பிட்டிருக்கக்கூடாது, தண்ணீரும் மருந்தும் மட்டும் விலக்கு. திருமுழுக்கு வாங்காதவர்கள் இந்த வரிசையில் போவதில்லை. எங்கள் தெரு ஆச்சி ஒருவர், பக்கத்து வீட்டுப் பிள்ளை முதல்முறை நன்மை வாங்கும் புதுநன்மைக்கு வந்துவிட்டு என்னைப் பிடித்துக்கொண்டார்.

"ஏந்தம்பி, அந்த வில்லைய எங்களுக்கும் குடுத்தா என்ன? கோவில்ல பிரசாதம் யாரு கை நீட்டினாலும் குடுக்குறோமுல்ல?"

"அது பிரசாதம் இல்ல ஆச்சி. எங்களுக்கு அது சாமியே."

ஆச்சி கொஞ்சம் யோசித்தார். "அப்பச் சரி. கருவறைக்குள்ள எல்லாரையுமா விடுறாக?"

அவர் சொன்னது நூற்றுக்கு நூறு பொருந்தாது. கருவறைக்குள் போக உரிமை அர்ச்சகருக்கு மட்டும், இங்கே தயாராக இருக்கும் எல்லா விசுவாசிக்கும் உண்டு. ஆனாலும் ஏன் கொடுப்பதில்லை என்பதன் காரணத்தை அவர் சரியாகப் பிடித்துவிட்டார். விருந்தாளியை ஒதுக்கும் ஏற்பாடு அல்ல அது. "ஆமென்" என்றால் "ஆம், இது கிறிஸ்துவின் உடல்தான், நான் நம்புகிறேன்" என்று பொருள். நம்பாதவரை அப்படிச் சொல்ல வைப்பது மரியாதை ஆகாது.

பலி என்ற சொல்லைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். இங்கே ஆடு கோழி எதுவும் பலி கிடையாது. சில திருத்தலங்களில் நேர்ச்சைக் கெடா வெட்டிச் சமைத்து ஊருக்கே போடுவார்கள். அது விருந்து, பலி இல்லை. கத்தோலிக்கருக்குப் பலி ஒன்றுதான்: இயேசு சிலுவையில் தம்மையே கொடுத்தது. அது ஒரே முறை நடந்தது, திரும்ப நடப்பதில்லை. திருப்பலியில் அதே பலி நம் முன்னால் நிகழ்காலமாகிறது என்று நம்புகிறார்கள்.

1960களின் தொடக்கம் வரை இந்தப் பூசை கிட்டத்தட்ட முழுவதும் லத்தீனில் இருந்தது. குரு மக்களுக்கு முதுகைக் காட்டி, பீடத்தைப் பார்த்து நிற்பார். மக்கள் பாதி நேரம் செபமாலை உருட்டிக்கொண்டிருப்பார்கள். 1962 முதல் 1965 வரை நடந்த இரண்டாம் வத்திக்கான் சங்கம் என்ற உலக ஆயர்கள் (பிஷப்புகள்) மாநாட்டுக்குப் பிறகுதான் பூசை தமிழுக்கு வந்தது, குருவும் மக்களைப் பார்த்துத் திரும்பினார். சமாதானம் சொல்லும்போது கைகுலுக்காமல் கும்பிடுவது போன்ற நம்மூர் வழக்கங்களும் பூசைக்குள் வந்தது அதன் பிறகுதான்.

என்னதான் நம்புகிறார்கள்?

ஞாயிறு பூசையில் மறையுரை முடிந்ததும் எல்லாரும் நின்று ஒரு நம்பிக்கை அறிக்கையைச் சொல்வார்கள். பழைய பெயர் விசுவாசப் பிரமாணம். அதன் நீண்ட வடிவம் 325இல் நிசேயாவிலும் 381இல் கான்ஸ்டான்டிநோபிளிலும் நடந்த சங்கங்களில் உருவானது. கடவுள் உலகைப் படைத்தார், அவருடைய மகன் மரியாவிடம் மனிதனாகப் பிறந்தார், பிலாத்து ஆளுநராக இருந்தபோது சிலுவையில் அறையப்பட்டு இறந்தார், மூன்றாம் நாள் உயிர்த்தெழுந்தார், மறுபடி வருவார், இறந்தவர்களும் உயிர்ப்பார்கள். இதில் ஆணிவேர் உயிர்ப்புதான். அதனால்தான் கிறிஸ்துமஸுக்கு வெடி, கேக் எல்லாம் இருந்தாலும், திருச்சபைக்குப் பெரிய விழா பாஸ்காதான், அதாவது ஈஸ்டர். மறுபிறவி நம்பிக்கை கிடையாது. ஒரு வாழ்க்கை, ஒரு சாவு, அப்புறம் கணக்கு. கடவுளின் அன்போடு இறந்தும் இன்னும் தூய்மையாக வேண்டியவர்கள் உத்தரிக்கிற நிலையில் இருக்கிறார்கள், உயிரோடு இருப்பவர்களின் செபமும் பூசையும் அவர்களுக்கு உதவும் என்பது போதனை. நவம்பர் 2ஆம் தேதி கல்லறைத் திருநாளில் குடும்பம் குடும்பமாகக் கல்லறைக்குப் பூவும் மெழுகுவத்தியும் எடுத்துப் போவது இதனால்தான்.

மாதாவும் புனிதர்களும்

"உங்க மாதாவும் எங்க அம்மனும் ஒண்ணுதானே?" என்று கேட்காத ஆள் இல்லை. வாதம் செய்யத் தேவையில்லை, அவர்கள் சொல்லும் செபத்தைக் காதுகொடுத்துக் கேட்டால் போதும். மாதா மன்றாட்டு மாலை என்று ஒன்று உண்டு. ஒருவர் சொல்ல, கூட்டம் பதில் சொல்லும். கடவுளை அழைக்கும் வரிக்குப் பதில் "எங்கள் மேல் இரக்கமாயிரும்". மாதாவை அழைத்தால் பதில் மாறிவிடும்: "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்". புனிதர்களின் மன்றாட்டு மாலையிலும் அதேதான். கேட்கப்படுகிறவர் கடவுள், மாதா நமக்காகக் கேட்டுக்கொடுக்கிறவர். ஆராதனை கடவுளுக்கு மட்டும். மாதாவுக்கும் புனிதர்களுக்கும் வணக்கம். திருவிழா நெரிசலில் பார்க்கிறவருக்கு இந்த வித்தியாசம் தெரியாது என்பதும் உண்மை. சப்பரத்துக்கு முன்னால் விழுந்து கும்பிடும் கத்தோலிக்கர் சிலருக்கே தெரியாது என்பதும் உண்மை.

செபமாலையும் அப்படித்தான். "அருள் நிறைந்த மரியே வாழ்க" என்று பத்துப் பத்தாக ஐம்பது மணிகள் உருளும்போது மனம் நினைக்க வேண்டியது இயேசுவின் வாழ்க்கையில் நடந்தவற்றை. மகிழ்ச்சி, துயரம், மகிமை என்று மூன்று தொகுதிகளாக இருந்ததோடு 2002இல் அப்போதைய திருத்தந்தை (போப்) இரண்டாம் ஜான் பால் ஒளி என்ற நான்காவதைச் சேர்த்தார். வாய் மாதாவிடம் பேசும், நினைப்பு மகன் மேல் இருக்கும்.

புனிதர் என்றால் யார் என்று புரிய நமக்கு வெளியூர் போக வேண்டாம். தேவகோட்டையிலிருந்து திருவாடானை தாண்டிப் போனால் ஓரியூர். லிஸ்பனில் 1647இல் பிறந்த ஜான் தெ பிரிட்டோ என்ற இயேசு சபைக் குரு, நம்மூர்த் துறவி போலக் காவி உடுத்தி, அருளானந்தர் என்று பெயர் வைத்துக்கொண்டு மறவர் சீமையில் சுற்றினார். தேவகோட்டையில் தே பிரித்தோ பள்ளியைத் தெரியாதவர் இருக்கமாட்டார்கள். அந்தப் பெயர் இவருடையதுதான். தடியத்தேவர் என்ற தலைவர் கிறிஸ்தவரானபோது, ஒரு மனைவியோடு மட்டும்தான் வாழ வேண்டும் என்று நிபந்தனை வந்தது. விலக்கப்பட்ட மனைவியரில் ஒருவர் இராமநாதபுரம் மன்னர் சேதுபதியின் உறவுக்காரப் பெண். விஷயம் அரண்மனைக்குப் போனது, கிழவன் சேதுபதியின் ஆட்சியில் அருளானந்தருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. 1693 பிப்ரவரி 4 அன்று ஓரியூரில் தலை வெட்டப்பட்டார். அந்த வருடம் அது தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதன்.

அவர் இரத்தம் சிந்தியதால்தான் அங்கே மண் சிவப்பு என்று மக்கள் நம்புகிறார்கள். செம்மண்ணைப் பொட்டலமாக எடுத்து வந்து வீட்டில் வைப்பார்கள், நோயாளிக்குப் பூசுவார்கள். அது மக்களின் பக்தி. அந்த மண்ணை நம்ப வேண்டும் என்று எந்தக் கத்தோலிக்கருக்கும் கட்டாயமில்லை. திருச்சபை அதிகாரபூர்வமாகச் சொல்வது வேறு. விசாரணைகளுக்குப் பிறகு 1853இல் அவருக்கு முந்திய படியான அருளாளர் பட்டம், 1947இல் புனிதர் பட்டம். இறந்து 254 ஆண்டு கழித்து! பட்டம் கொடுத்ததால் அவர் சாமியாகிவிடவில்லை. "இவர் கடவுளிடம் இருக்கிறார், இவரைப் பார்த்து வாழலாம், இவரை வேண்டிக்கொள்ளச் சொல்லிக் கேட்கலாம்" என்று திருச்சபை உறுதியாகச் சொல்கிறது, அவ்வளவுதான். 2022இல் குமரி மாவட்டத்துத் தேவசகாயம் பிள்ளை புனிதரானபோதும் இதே பொருள்தான். அவர் குரு அல்ல, குடும்பஸ்தர். இந்தியப் பொதுநிலையினரில் முதல் புனிதர்.

ஏழு அருட்சாதனங்கள்

திருமுழுக்கு, உறுதிபூசுதல், நற்கருணை, ஒப்புரவு, நோயில் பூசுதல், குருத்துவம், திருமணம். கண்ணுக்குத் தெரியும் செயல் வழியாகக் கண்ணுக்குத் தெரியாத அருளைக் கடவுள் தருகிறார் என்பது இவற்றுக்குப் பின்னால் இருக்கும் எண்ணம். பெரும்பாலானவை பெயரிலேயே விளங்கும். இரண்டைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

ஒன்று ஒப்புரவு. பாவசங்கீர்த்தனம் என்றால்தான் நிறையப் பேருக்குப் புரியும். ஒருவர் தன் பாவங்களைக் குருவிடம் வாய்விட்டுச் சொல்கிறார். குரு புத்தி சொல்லி, செய்ய வேண்டிய ஒரு பரிகாரத்தைக் கொடுத்து, கடவுளின் பெயரால் மன்னிப்பை அறிவிக்கிறார். பரிகாரம் பெரும்பாலும் சில செபங்கள். திருடியிருந்தால் திருப்பிக் கொடுக்க வேண்டும். கேட்டதைக் குரு எந்தக் காரணத்துக்காகவும் வெளியே சொல்லக்கூடாது. கோர்ட்டு கேட்டாலும், தன் உயிரே போனாலும் கூடாது. மீறினால் திருச்சபையின் மிகக் கடுமையான தண்டனை அவருக்குத் தானாகவே வந்துவிடும். "காசு கொடுத்தால் பாவத்தை மன்னிப்பார்களாமே" என்று ஒரு பேச்சு உண்டு. கிடையாது, இதற்குக் கட்டணம் இல்லை. திருந்தும் எண்ணம் இல்லாமல் சொன்னால் மன்னிப்பும் இல்லை. பாஸ்காவுக்கு முன் வரும் வாரத்தில் வரிசையில் நிற்பவர்களின் முகத்தைப் பார்த்தால் இது யாருக்கும் சுலபமான காரியம் இல்லை என்று தெரியும்.

இன்னொன்று திருமணம், ஏனென்றால் நமக்குப் பத்திரிகை வருவது இதற்குத்தான். கல்யாணத்துக்கு முன்னால் பூசையில் ஓலை வாசிப்பார்கள்: இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் மணம், தடை ஏதாவது தெரிந்தால் சொல்லுங்கள் என்று. கல்யாணத்தன்று கெட்டிமேளம் கொட்டாத குறையாக எல்லாரும் தாலி கட்டும் நேரத்துக்குக் காத்திருப்பார்கள். சிலுவையோ புறாவோ பொறித்த தாலி. ஆனால் திருச்சபையின் கணக்கில் கல்யாணம் அதற்கு முன்பே முடிந்துவிட்டது. குருவுக்கும் சாட்சிகளுக்கும் முன்னால் மாப்பிள்ளையும் பெண்ணும் வாய் திறந்து சொல்லும் சம்மதம்தான் திருமணம். "இன்பத்திலும் துன்பத்திலும், உடல் நலத்திலும் நோயிலும்" என்று வாழ்நாள் முழுவதற்கும் வாக்குக் கொடுப்பார்கள். குருகூட அங்கே சாட்சிதான். அந்த அருட்சாதனத்தை ஒருவருக்கொருவர் கொடுத்துக்கொள்பவர்கள் மணமக்களே. அந்தச் சம்மதத்தைக் கட்டாயப்படுத்தி வாங்கியது நிரூபணமானால் கல்யாணம் செல்லாது. மற்றபடி விவாகரத்து செய்து மறுமணம் என்பதற்கு இடமில்லை. ஒருவர் கத்தோலிக்கர் அல்லாதவர் என்றால் மாறித்தான் ஆக வேண்டும் என்பதில்லை. ஆயரிடம் விலக்கு வாங்கி மணம் முடிக்கலாம். பிள்ளைகளைக் கத்தோலிக்கராக வளர்க்கத் தன்னால் ஆனதைச் செய்வேன் என்று கத்தோலிக்கத் தரப்பு வாக்குக் கொடுக்க வேண்டும்.

தவக்காலம்

சாம்பல் புதனன்று நெற்றியில் சாம்பல் பூசிக்கொண்டு வேலைக்கு வரும் கத்தோலிக்கரைப் பார்த்து நம்மூரில் யாரும் ஆச்சரியப்படுவதில்லை. பழைய ஆட்கள் விபூதிப் புதன் என்றே சொல்வார்கள். சாம்பல், முந்தைய வருடம் குருத்து ஞாயிறன்று பிடித்துப் போன ஓலைகளை எரித்து எடுத்தது. அதைப் பூசும்போது, மனிதன் மண்ணிலிருந்து வந்தவன், மண்ணுக்கே திரும்புவான் என்றோ, மனம் மாறி நற்செய்தியை நம்பு என்றோ குரு சொல்வார்.

அன்றிலிருந்து பாஸ்கா வரை நாற்பது நாள் தவம், ஞாயிறுகள் கணக்கில் சேராது. சாம்பல் புதனும் பெரிய வெள்ளியும் ஒருசந்தி: ஒரு வேளை முழுச் சாப்பாடு, மற்ற வேளை கொஞ்சமாக. 18 வயதிலிருந்து 59 வரை இது கடமை. தவக்கால வெள்ளிகளில் இறைச்சி கிடையாது, அது சுத்தபோசனம். 14 வயதிலிருந்து பொருந்தும். மீனுக்குத் தடையில்லை. செட்டிநாட்டுக் கோழிக் குழம்பை விட்டுக்கொடுப்பதுதான் தவம், அதற்குப் பதில் வஞ்சிரம் வறுவல் போட்டுக்கொள்வது தவமா என்பதை அவரவர் மனச்சாட்சிக்கு விடலாம். பலர் மாலை போட்டது போல நாற்பது நாளும் கறி தொடுவதில்லை. அது கடமைக்கு மேல் அவர்களாக எடுத்துக்கொண்டது.

வெள்ளிக்கிழமைகளில் இயேசு சிலுவை சுமந்து போனதை நினைக்கும் சிலுவைப் பாதை, பதினான்கு நிலைகள். கடைசி வாரத்தில் பெரிய வியாழன் இரவு குரு பன்னிரண்டு பேரின் பாதங்களைக் கழுவுவார். அன்று பூசையில் "உன்னதங்களிலே" பாட்டுக்கு அடித்த மணி அதோடு நின்றுவிடும்; பாஸ்கா இரவு வரை மரக்கட்டைத் தட்டும் சத்தம்தான். வருடத்தில் பெரிய வெள்ளியன்று உலகில் எங்கும் திருப்பலி கிடையாது. பேழை திறந்து, காலியாகக் கிடக்கும், விளக்கும் அணைந்திருக்கும். கத்தோலிக்கம் எதைச் சுற்றி நடக்கிறது என்று தெரிய வேண்டுமானால் அந்தக் காலிப் பேழையை ஒருதரம் போய்ப் பாருங்கள். சனிக்கிழமை இரவு வெளியே புது நெருப்பு மூட்டி, பெரிய மெழுகுதிரி ஏற்றி, இருட்டான கோவிலுக்குள் கொண்டுவருவார்கள். அவரவர் கையிலிருக்கும் திரி ஒன்றிலிருந்து ஒன்று பற்றும். மணி திரும்ப அடிக்கும்.

ஆட்களும் அமைப்பும்

ரோமிலிருக்கும் திருத்தந்தை (2025 மே முதல் பதினான்காம் லியோ), மறைமாவட்டத்துக்கு ஆயர், ஒரு கோவிலைச் சேர்ந்த பகுதியான பங்குக்குப் பங்குத்தந்தை. நம் பகுதி 1987இல் மதுரையிலிருந்து பிரித்து உருவாக்கிய சிவகங்கை மறைமாவட்டம். சிவகங்கை, இராமநாதபுரம் இரண்டு மாவட்டமும் அதில் அடங்கும். குருக்கள் மணம் செய்வதில்லை. பங்குக்குள் இருபது முப்பது குடும்பம் சேர்ந்தது ஓர் அன்பியம். வாரம் ஒரு வீட்டில் கூடி விவிலியம் வாசிப்பார்கள், யார் வீட்டில் கஷ்டம் என்பதும் அங்கேதான் தெரியவரும்.

சாதி இல்லையா என்று கேட்பீர்கள். போதனையில் இல்லை, பீடத்துக்கு முன் எல்லாரும் ஒரே வரிசை. நடைமுறையில் இருக்கிறது. சில ஊர்களில் தேர் எந்தத் தெரு வழியாகப் போவது, கல்லறையில் யார் எங்கே என்பதில் சண்டை வந்திருக்கிறது. இது பாவம் என்று ஆயர்களே சொல்லியும் போகவில்லை. இதை மறைத்துவிட்டு உங்களுக்குக் கத்தோலிக்கத்தை அறிமுகம் செய்வது நியாயம் இல்லை.

சி.எஸ்.ஐ., பெந்தெகொஸ்தே சபைகளோடு என்ன வித்தியாசம்? இயேசு, திரித்துவம், உயிர்ப்பு ஏறக்குறைய எல்லாருக்கும் பொது. திருத்தந்தையின் அதிகாரம், ஏழு அருட்சாதனங்கள், மாதாவிடமும் புனிதர்களிடமும் வேண்டுவது, இறந்தவர்களுக்கு வேண்டுவது இங்கே உண்டு, அங்கே இல்லை. கத்தோலிக்க விவிலியத்தில் 73 நூல்கள், அவர்களுடையதில் 66.

சேர நினைத்தால்

பூசைக்கு வந்து உட்காருவதற்கு யாருடைய அனுமதியும் வேண்டாம், பேரும் கொடுக்க வேண்டாம். தெரிந்துகொள்ள மட்டும் ஆசை என்றால் அதுவே போதும். சேரவே வேண்டும் என்று தோன்றினால் ஒரே நாளில் தண்ணீர் ஊற்றிவிடமாட்டார்கள், அவசரப்படுத்தும் இடத்தைப் பார்த்தால் நீங்களே சந்தேகப்படுங்கள். பெரியவர்களுக்கு மறைக்கல்வி மாதக்கணக்கில் நடக்கும். ஞானப்பெற்றோர் ஒருவர் துணைக்கு இருப்பார். திருமுழுக்கு வழக்கமாகப் பாஸ்கா இரவில், உறுதிபூசுதலும் முதல் நற்கருணையும் அதே இரவில். நடுவில் வேண்டாம் என்று தோன்றினால் விலகிக்கொள்ளலாம். பட்டியல் சாதியினர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 1950ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணைப்படி கிறிஸ்தவராக மாறினால் பட்டியல் சாதித் தகுதி போய்விடும். தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில்தான் வருவார்கள். இதை மறைக்கல்வி வகுப்பில் யாரும் முதல் நாளே சொல்வதில்லை, நீங்களாகக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

முதலில் யாரைப் பார்ப்பது என்றால், பங்குத்தந்தையை ஞாயிறு பூசை முடிந்த கையோடு பிடிக்கப் பார்க்காதீர்கள். அப்போது அவரைச் சுற்றிக் கல்யாண ஓலைக்காரர்களும் சர்டிபிகேட் கேட்பவர்களும் நிற்பார்கள். வாரநாளில் சாயங்காலப் பூசைக்கு அரைமணி முன்னதாகப் போங்கள். குருவுக்குத் துணையாகக் கோவிலைப் பார்த்துக்கொள்ளும் உபதேசியார் இருக்கும் ஊர் என்றால் அவரிடமே பேச்சைத் தொடங்கலாம், கோவில் சாவி பெரும்பாலும் அவர் கையில்தான் இருக்கும்.